பெட்டியை அடுக்கியது நான்தான்

"இதற்குள் என்ன இருக்கிறது?" என்று அந்த அதிகாரி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

பெட்டி என்னுடையது. பூட்டு என்னுடையது. சாவி என் சட்டைப்பையில். எவர்சில்வர் மேஜைமேல் வாயைப் பிளந்து கிடந்த அந்தப் பெட்டிக்குள், மடித்த சட்டைகளுக்கு நடுவே, பழுப்புக் காகிதம் சுற்றி நாலு பக்கமும் டேப் ஒட்டிய ஒரு பொட்டலம். செங்கல் அளவு, ஆனால் செங்கல் கனமில்லை. அழுத்தினால் உள்ளே ஏதோ நெறுநெறுவென்று நகர்ந்தது. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும், பல் துலக்கும் பிரஷ் என்ன நிறம் என்பது வரைக்கும். இதை மட்டும் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

எதிர்வீட்டு அக்கா கொடுத்தது. கிளம்புவதற்கு முந்தைய இரவு, பெட்டியை எடைபோட்டு மூடிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் நின்றார். "தம்பி, நீங்க போற ஊர்லதான் பொண்ணு இருக்கா. இதை மட்டும் கொடுத்துடுங்க, பாரமே இல்லை" என்றார். என்ன இருக்கிறது என்று கேட்கலாம்தான். கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பாரோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தோடு ஒரு கண்டத்தையும் கடலையும் தாண்டி ஆஸ்திரேலியாவில் போய் இறங்கியிருந்தேன்.

அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பயணத்துக்குத் தயாராவதில் நான் கொஞ்சம் பைத்தியம். ஒரு வாரம் முன்பே பெட்டியைத் திறந்து தரையில் போட்டுவிடுவேன். முதல் வேலை அடுக்குவது இல்லை, காலி செய்வது. போன பயணத்தின் மிச்சங்கள் பக்கவாட்டு ஜிப்புகளுக்குள் எப்போதும் இருக்கும்: ஒரு நகவெட்டி, யாரோ கொடுத்த முகவரி அட்டை, காய்ந்துபோன பழக்கொட்டை. கவிழ்த்து உதறினால் விழுகிற இந்தச் சின்னஞ்சிறு பொருள்கள்தான் பிற்பாடு எக்ஸ்ரே திரையில் பெரிதாகத் தெரியும்.

அப்புறம் பாஸ்போர்ட். இதில் எனக்கு ஒரு சூடு பட்டிருக்கிறது. பல வருஷங்களுக்கு முன், காலாவதியாக ஐந்து மாதம் பத்து நாள் மிச்சமிருந்த பாஸ்போர்ட்டோடு செக்-இன் கவுண்டரில் போய் நின்றேன். விசா இருந்தது, டிக்கெட் இருந்தது, திரும்பி வரும் டிக்கெட்டும் இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார். "நீங்க போற நாட்டுக்கு ஆறு மாசம் வேணும் சார்." பத்து நாள் பயணத்துக்கு ஆறு மாதம் எதற்கு என்று வாதாடினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். விமானம் என்னை விட்டுவிட்டுப் போயிற்று.

அன்றைக்கு அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம். பிற்பாடுதான் விஷயம் புரிந்தது. உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிக்கொண்டு போனால், திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில்தான் விழும், பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் நாம் சந்திக்கும் முதல் எல்லைக் காவலர் இறங்கும் நாட்டில் இல்லை, ஏறும் இடத்தின் கவுண்டரிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் பார்க்கும் திரையில் பெரும்பாலும் டைமேட்டிக் என்ற தரவுத்தளம் இருக்கும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா நடத்துவது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எங்கே போகிறார், எங்கே மாறுகிறார் என்று தட்டினால் என்னென்ன வேண்டும் என்று அது சொல்லும். அது 'கூடாது' என்றால் கவுண்டரில் கண்ணீர் விட்டும் பயனில்லை.

ஆறு மாதம் என்பதும் எல்லா ஊருக்கும் பொது இல்லை. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவாக, அங்கிருந்து கிளம்பும் நாளுக்கு அப்புறம் மூன்று மாதம் செல்லுபடி இருந்தால் போதும், ஆனால் பாஸ்போர்ட் கடந்த பத்து வருஷத்துக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் பலர் இடறுகிறார்கள். நான் இப்போதெல்லாம் கணக்கே பார்ப்பதில்லை. ஒரு வருஷம் மிச்சம் இருக்கும்போதே புதுப்பித்துவிடுகிறேன்.

உங்கள் பாஸ்போர்ட் பக்கத்தில் இருந்தால் எடுத்துப் புகைப்படப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். அம்பு முனை போன்ற குறிகள் நிரம்பிய இரண்டு வரிகள், வரிக்கு 44 இடங்கள். மேல் வரியில் குடும்பப் பெயர், இரண்டு அம்பு, அப்புறம் இட்ட பெயர். கீழ் வரியில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி. இந்த எண்களுக்குப் பின்னாலெல்லாம் தனியாக ஒரு இலக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னால் உள்ள எழுத்துகளையும் எண்களையும் வரிசையாக 7, 3, 1 என்று பெருக்கிக் கூட்டி, பத்தால் வகுத்தால் வரும் மீதி அது. இயந்திரம் ஓர் எண்ணைத் தப்பாகப் படித்தால் இந்தக் கணக்கு உதைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மழைநாளில் உட்கார்ந்து என்னுடையதைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. அதில் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெளிநாட்டு எல்லையில் உங்கள் பெயர் என்பது அந்த வரியில் இருப்பதுதான். வீட்டில் கூப்பிடுவது, அலுவலகத்தில் எழுதுவது எதுவும் அங்கே செல்லாது. டிக்கெட் போடும்போது எது குடும்பப் பெயர், எது இட்ட பெயர் என்று குழம்பினால் அந்த மேல் வரியைப் பார்த்து அப்படியே அடித்துவிடுங்கள். விசா விண்ணப்பத்திலும் அதே எழுத்துகள். ஓர் எழுத்து விட்டுப்போனதைக் கவுண்டரில் சரிசெய்ய முயல்கிற மனிதரின் நெற்றி வியர்வையை நான் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

மாறும் இடத்தையும் மறக்கக் கூடாது. பல விமான நிலையங்களில் ஒரு விமானத்திலிருந்து இறங்கி அடுத்ததில் ஏற, அந்த நாட்டு விசா தேவைப்படாது. அமெரிக்காவில் அந்தப் பேச்சே இல்லை. வெறுமனே மாறிப் போவதாக இருந்தாலும் அந்த நாட்டுக்குள் நுழைகிற தகுதி உங்களுக்கு இருக்க வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று டிக்கெட்டை வாங்கிவிட்டு, நடுவில் இருக்கும் ஊரைக் கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு.

பெட்டிக்கு வருவோம். எடைக்கு இரண்டு கணக்கு. ஒன்று டிக்கெட்டில் உங்களுக்குக் கொடுத்திருப்பது. இன்னொன்று, பணம் கட்டினாலும் பெரும்பாலான இடங்களில் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது. அது பணத்துக்கான விதி இல்லை, தூக்கிப் போடுகிற தொழிலாளியின் முதுகெலும்புக்கான விதி. இது தெரிந்தபிறகு கவுண்டரில் கெஞ்சுவதை நிறுத்திவிட்டேன்.

பவர் பேங்க் கட்டாயம் கைப்பையில்தான். லித்தியம் பேட்டரி சூடேறிப் பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம். கேபினில் நடந்தால் பணியாளர்கள் உடனே பார்த்துச் சமாளிக்கலாம், அடியில் சரக்கறைக்குள் நடந்தால் யார் கையும் எட்டாது. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், கிளம்பத் தயாராக நின்ற ஒரு விமானம் உள்ளிருந்தே தீப்பிடித்து எரிந்தது. பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். அதற்குப் பின் பல நிறுவனங்கள் அதைத் தலைக்கு மேலே உள்ள தட்டில் வைக்கவும், பறக்கும்போது பயன்படுத்தவும் தடை போட்டுவிட்டன. பொது வரம்பு 100 வாட் மணி (Wh). பவர் பேங்க்மேல் மில்லி ஆம்பியர் மணி (mAh) மட்டும் போட்டிருந்தால், அதை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்துப் பாருங்கள். 20,000 என்றால் 74 வாட் மணி, கவலையில்லை. எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. சோதனை செய்பவருக்குப் படிக்க எதுவும் இல்லாவிட்டால், உங்கள் கணக்கை அவர் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

திரவங்கள் பற்றி எல்லோருக்கும் தெரியும். 2006 ஆகஸ்டில் பிரிட்டனிலிருந்து அட்லாண்டிக் தாண்டும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி ஒன்று பிடிபட்டதிலிருந்து வந்த விதி: 100 மில்லிக்கு மேற்பட்ட கொள்கலன் கைப்பையில் கூடாது. கணக்கு கொள்கலனுக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை. அடியில் துளியூண்டு ஒட்டிக்கொண்டிருந்த 150 மில்லி பற்பசைக் குழாயைக் குப்பையில் போட்டவன் சொல்கிறேன். புது வகை ஸ்கேனர்கள் வந்த சில விமான நிலையங்களில் இந்த விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் ஏறும் இடத்தில் விட்டதை மாறும் இடத்தில் பிடிப்பார்கள்.

மருந்துதான் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது. ஒரு நாட்டில் கடையில் கேட்டதும் கொடுக்கிற மாத்திரை இன்னொரு நாட்டில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கும். மூக்கடைப்புக்குச் சாப்பிடும் சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. கவனக்குறைபாட்டு நோய்க்கு (ADHD) தரும் ஆம்ஃபெட்டமைன் மருந்துகள், மருத்துவர் சீட்டே இருந்தாலும், அங்கே கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, வலி மாத்திரை என்றால் வளைகுடா நாடுகளில் எச்சரிக்கை வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவே தடை. என் வழக்கம்: மாத்திரைகள் வாங்கிய அட்டையிலும் டப்பாவிலும் அப்படியே, மருத்துவர் சீட்டின் நகல் கூடவே, எல்லாம் கைப்பையில். நாள் வாரியாகப் பிரித்துப் போடும் அந்த வண்ணப் பெட்டிகள் வீட்டுக்கு அழகு. சுங்க மேஜையில் அவை பெயர் தெரியாத மாத்திரைகள், அவ்வளவுதான்.

விமானப் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தூங்கினேன், முழங்கால் வலித்தது.

இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அட்டை கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் நுழையும் பயணி நிரப்ப வேண்டிய அட்டை. பல நாடுகள் இதை இணையத்துக்கு மாற்றிவிட்டன. சிங்கப்பூருக்குப் போகிறவர்கள், வந்துசேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்திலேயே வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. இதே வேலைக்குப் பணம் கேட்கும் போலித் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அட்டையில் 'ஆம்', 'இல்லை' என்று கட்டங்கள். மருந்து இருக்கிறதா, இறைச்சி, பால், பழம் இருக்கிறதா, விதை, செடி, வைக்கோல், மரப்பொருள் இருக்கிறதா, மண் ஒட்டிய பொருள் இருக்கிறதா. கடைசிக் கேள்வியில் பேனா நின்றது. மலையேறும் பூட்ஸ் ஒரு ஜோடி உள்ளே இருந்தது. துடைத்துத்தான் வைத்தேன், ஆனால் அடியில் உள்ள பள்ளங்களுக்குள் பழைய சேறு காய்ந்து இறுகியிருந்தது எனக்குத் தெரியும். 'இல்லை' என்று போட்டால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு மனம். 'ஆம்' போட்டால் தனி வரிசை, நேரம் போகும் என்று அதே மனம். கடைசியில் 'ஆம்' போட்டேன், மருந்துக்கும் சேர்த்து. நேர்மை என்றெல்லாம் பெருமையடிக்க மாட்டேன். பொய் சொன்னதற்கான அபராதம் அட்டையிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்து நாடான நியூசிலாந்தில், சொல்லாமல் கொண்டுவந்தது பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர். ஆஸ்திரேலியாவில் விசாவையே ரத்து செய்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிடவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

இமிகிரேஷன் சீக்கிரம் முடிந்தது. எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள். மூன்று கேள்வி, மூன்று பதில். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது ஒரு கலை. பதற்றத்தில் சிலர் ஒன்றுவிட்ட அண்ணன் கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். தங்கும் முகவரியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் பார்த்துத்தான் போன் அணையும். ஷெங்கன் நாடுகளில் 2025 அக்டோபரிலிருந்து முத்திரைக்குப் பதில் விரல்ரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை வரத் தொடங்கியது. எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கை இனி கணினியே வைத்திருக்கும்.

பெல்ட்டில் பெட்டி வருவதற்காகக் காத்திருக்கும்போது, நான் பெட்டியில் தொங்கும் சீட்டுகளைப் படிப்பேன். மூன்றெழுத்து ஊர்க்குறி, பத்து இலக்க எண். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளிருந்து கிளம்பும் பெட்டிகளின் சீட்டில் ஓரம் பச்சையாக இருக்கும். இது வெளியிலிருந்து வந்ததல்ல என்று சுங்க அதிகாரி தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வதற்கு. நம்மிடம் ஒட்டிக் கொடுத்த துண்டுச்சீட்டு எண்ணும் பெட்டியில் தொங்குவதும் ஒன்றா என்று பார்ப்பது அசட்டுத்தனமாகத் தோன்றும். கறுப்புப் பெட்டி வைத்திருப்பவர்கள் பார்த்தே ஆக வேண்டும். அடுத்தவர் பெட்டியை உருட்டிக்கொண்டு சுங்கத்துக்குள் போனால் அதில் உள்ளதற்கெல்லாம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பெட்டி வரவே இல்லையென்றால் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வருவதற்குள் புகார் எழுதி எண் வாங்கிவிடுங்கள்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு இன்னொன்று. கடைசி ஊர் வரைக்கும் சீட்டுப் போட்டிருந்தாலும், நாட்டுக்குள் முதலில் கால் வைக்கும் விமான நிலையத்தில் பெரும்பாலும் பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பெரிய பாட்டிலை அந்த இடத்தில் பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பாதுகாப்புச் சோதனையில் பாட்டிலுக்கு விடைகொடுக்க வேண்டிவரலாம்.

சரி, சுங்கம். ஐரோப்பாவில் இரண்டு வாசல்கள் இருக்கும், பச்சை, சிவப்பு. பச்சையில் நடப்பது சும்மா நடப்பது இல்லை. அறிவிக்க என்னிடம் எதுவும் இல்லை என்று வாயைத் திறக்காமல் கொடுக்கும் வாக்குமூலம் அது. சிவப்பு வாசல் என்றதும் ஏதோ குற்றவாளிகள் போகிற வழி மாதிரி ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. சந்தேகம் இருக்கிறவர் போய் விசாரிக்கிற இடம்தான் அது. சிவப்பில் போய்ச் சொன்னால், அதிகபட்சம் வரி கட்டுவீர்கள் அல்லது பொருளை விட்டுவிடுவீர்கள். பச்சையில் போய்ப் பிடிபட்டால் அதே பொருள் கடத்தல்.

பணத்திலும் இதே குழப்பம். 10,000 டாலருக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று நிறையப் பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். போகலாம், அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவோ அதற்கு மேலோ, ஆஸ்திரேலியாவில் அவர்கள் டாலரில் 10,000. அமெரிக்காவில் குடும்பமாகப் போனால் எல்லோர் கையில் இருப்பதையும் சேர்த்துத்தான் கணக்கு. மனைவி கையில் பாதி, பிள்ளை கையில் பாதி என்று பிரித்துக் கொடுப்பது புத்திசாலித்தனம் இல்லை. சிகரெட் விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 200 வரைக்கும் வரியில்லை, ஆஸ்திரேலியாவில் 25தான், திறந்த பாக்கெட் ஒன்று தனி. சிங்கப்பூரில் ஒன்றுக்குக்கூடச் சலுகை கிடையாது.

நான் தனி வரிசைக்குப் போனேன். பெட்டி எக்ஸ்ரேக்குள் போயிற்று. அந்தத் திரையில் உலோகம் நீலமாகவும், உயிர்ப்பொருள் ஆரஞ்சாகவும் தெரியும். துணி, உணவு, விதை, மரம் எல்லாம் ஆரஞ்சுதான். என் பெட்டியின் நடுவில் கெட்டியாக ஒரு ஆரஞ்சுச் செவ்வகம்.

அதிகாரி வயதானவர், அவசரமில்லாதவர். முதலில் பூட்ஸை எடுத்தார். கவிழ்த்து அடியைப் பார்த்தார். ஒரு குச்சியால் நோண்டினார், மண் உதிர்ந்தது. "சொன்னது நல்லது" என்று ஒரு தட்டில் வைத்து உள்ளே கொடுத்தார். அப்புறம் கேட்டார்: "வேறு ஏதாவது? யாராவது கொடுத்தது?"

செக்-இன் கவுண்டரிலும் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா, யாராவது எதையாவது கொடுத்தார்களா. ஆயிரம் தடவை கேட்ட கேள்வி, பழக்கத்தில் தலையாட்டியிருந்தேன். இந்த முறை தலை ஆடவில்லை. "ஒரு பொட்டலம் இருக்கிறது, தெரிந்தவர் கொடுத்தது" என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது, இதற்குள் என்ன இருக்கிறது என்று.

"தெரியாது."

அவர் முகம் மாறவில்லை. நானே பிரிக்கிறேனா, அவர் பிரிக்கட்டுமா என்றார். அவரே பிரித்தார், சின்னக் கத்தியால் டேப்பை மட்டும் கீறி, காகிதம் கிழியாமல். உள்ளே நீல நிறப் பூப்போட்ட பருத்தித் துணிப்பை, நான்கு பக்கமும் கைத்தையல். கழுத்து வலிக்குச் சூடுபடுத்தி ஒத்தடம் கொடுக்கிற பை. ஒரு மூலையில் தையலைப் பிரித்து விரலால் தள்ளினார். உள்ளங்கையில் விழுந்தவை கோதுமை மணிகள்.

எனக்கு ஆசுவாசமாகப் பெருமூச்சு வந்தது. கோதுமைதானே! அவருக்கு வரவில்லை. மணிகளை வெள்ளைத் தட்டில் பரப்பி, விளக்கோடு கூடிய பூதக்கண்ணாடியை இழுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். கப்ரா வண்டு என்று ஒரு பூச்சியைப் பற்றிச் சொன்னார். எள் அளவுகூட இருக்காது. சேமித்து வைத்த தானியத்தைத் தின்று தீர்ப்பது. அதன் புழு தீனியே இல்லாமல் ஒரு விரிசலுக்குள் வருஷக்கணக்கில் முடங்கிக் கிடக்கும், மருந்தடித்தாலும் எளிதில் சாகாது. கோதுமையை ஏற்றுமதி செய்து வாழ்கிற ஒரு நாட்டுக்குள் அது குடியேறிவிட்டால், வாங்குகிற நாடுகள் கதவைச் சாத்திவிடும். இந்த வண்டுக்குப் பயந்துதான், அது உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவருவதை அமெரிக்கா தடுத்திருக்கிறது. என் பெட்டியில் இருந்த மணிகளில் வண்டு எதுவும் இல்லை. ஆனால் வண்டு இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை, முளைக்கக்கூடிய தானியம் அனுமதியில்லாமல் உள்ளே வரக் கூடாது என்பதுதான் விதி.

மூன்று வழிகளைச் சொன்னார். என் செலவில் சுத்திகரிப்புக்கு அனுப்பலாம், என் செலவில் திருப்பி அனுப்பலாம், அல்லது அவர்களே அழித்துவிடுவார்கள். கேட்டதும் சொல்லிவிட்டதால் அபராதம் இல்லை என்றார். என் பயம் அபராதம் பற்றியது இல்லை. அந்தக் காகிதத்துக்குள் கோதுமைக்குப் பதில் வேறு எதுவாவது இருந்திருந்தால்? மாத்திரைகள், அல்லது நான் பெயர்கூடக் கேட்டிராத ஒரு பொடி? அக்கா அப்படிக் கொடுக்க மாட்டார், எனக்குத் தெரியும். ஆனால் 'எனக்குத் தெரியும்' என்று அந்த மேஜைமுன் நின்று சொன்னால் எப்படிக் கேட்கும் என்பதும் அந்த நிமிஷம் தெரிந்தது. கொடுத்தவர் நல்லவர் என்பது என் நம்பிக்கை. பெட்டியில் இருப்பது மட்டும்தான் சாட்சி. சில நாடுகளில் போதைப்பொருள் கொண்டுபோனதற்கு மரணதண்டனையே உண்டு. தெரியாது என்ற பதிலை அங்கேயும் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்.

அழித்துவிடுங்கள் என்றேன். பையை மட்டுமாவது தர முடியுமா, கையால் தைத்தது என்று கேட்டுப் பார்த்தேன். யோசித்தார். தானியத்தோடு ஒட்டியிருந்த துணி, முடியாது என்றார். அதைச் சொல்லும்போது முதன்முறையாக அவர் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. பறிமுதல் செய்த பொருள், அளவு, தேதி எல்லாம் எழுதி ஒரு ரசீது கொடுத்தார். பொருள் என்ற இடத்தில் 'கோதுமை நிரப்பிய துணிப்பை, 1'.

அதற்குள் பூட்ஸ் திரும்பி வந்திருந்தது. கழுவி, கிருமிநாசினி அடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு. ஈரமாக இருந்தது. கடையில் வாங்கிய அன்றுகூட அவ்வளவு சுத்தமாக இருந்ததாக ஞாபகம் இல்லை.

வெளியே அக்காவின் மகள் காத்திருந்தாள். நலம் விசாரித்து முடிந்ததும், "அம்மா ஏதோ கொடுத்து விட்டேன்னு சொன்னாங்க அண்ணா" என்றாள். சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினேன். படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"இதைத்தான் வேண்டாம்னு போன்ல சொன்னேன். இங்கே கடையிலேயே கிடைக்குது" என்றாள். அப்புறம் ரசீதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "என்ன கலர்ல தைச்சிருந்தாங்க?" என்று கேட்டாள்.

நீலம் என்றேன், பூப்போட்டது.